பன்னிரண்டில் ஒன்று: திருகோணமலை மாவட்டச் சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் கண் வைத்தியர்களுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பிறந்தது தம்பலகாமம், வாழ்க்கைப்பட்டு வந்தது உவர்மலை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பின்னமும் நிகழ்தகவும் படிப்பித்திருக்கிறேன். இந்த மடலை எழுத வைத்ததும் ஒரு பின்னம்தான்: 1/12.

என் மகனுக்கும் என் தம்பியின் மகளுக்கும் கல்யாணம் பேசினோம். அது நடந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தம்பியின் கண் வருத்தம் வருவதற்கு 12 இல் ஒரு வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கை எந்த வைத்தியசாலையிலும் எனக்கு யாரும் போட்டுத் தரவில்லை. குசினி மேசையில் இருந்து, பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நானே போட்டேன். சரி, எனக்குக் கணக்குத் தெரியும். தெரியாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று யோசித்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

தம்பிக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் பரம்பரை நோய். ஊரில் இதற்கு 'மாலைக்கண்' என்றுதான் பேர். அந்தப் பேரே எங்களைப் பல வருடம் ஏமாற்றியது. பொழுதுபட்டு வயலிலிருந்து வரும்போது தம்பி வரம்பில் தடக்கி விழுவான். அம்மா ஆட்டீரல் வாங்கிச் சமைத்துக் கொடுத்தா. முருங்கையிலை, பொன்னாங்காணி, மீன் எண்ணெய் எல்லாம் கொடுத்தோம். பரியாரியார் கண்ணுக்கு விட எண்ணெய் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எழுத்து அட்டையின் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தான். "பிள்ளைக்குக் கண் நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு விழுந்தால் அடிதான் விழும், 'பிராக்குப் பார்த்துக்கொண்டு நடக்கிறான்' என்று.

1990 இல் ஊரை விட்டு இரவோடு இரவாகக் காட்டு வழியால் ஓடினோம். ரோச் அடிக்கக் கூடாத இரவு. இருபது வயது இளந்தாரி என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்தபடி வந்தான். அவனுக்கு நிலவும் ஒன்றுதான், அமாவாசையும் ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் விளங்கியது. சண்டைக்குள் கண்ணை யார் பார்ப்பது? அவனுடைய விழித்திரையை ஒரு வைத்தியர் முதன்முதலாக உள்ளே பார்த்தபோது அவனுக்கு வயது 31. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் விழித்திரையைப் பார்க்கும் கருவியைச் செய்தது 1851 இல். கண்ணின் பின்பக்கத்தில் எலும்புத் துணுக்குப் போலச் சிதறிக் கிடக்கும் கறுப்புப் பொட்டுகளை அந்தக் கருவியால் பார்த்துவிடலாம். ஒன்றரை நூற்றாண்டுப் பழைய கருவி எங்கள் தம்பியின் கண்ணுக்கு முன்னால் வருவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது.

கோபத்தில் சொல்லவில்லை. ஒரே பேரில் இரண்டு நோய் இருப்பதால் வந்த குழப்பம் இது. விழித்திரையில் மங்கிய ஒளியைப் பார்ப்பவை கோல் கலங்கள், சுமார் 12 கோடி. பகல் வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்ப்பவை கூம்புக் கலங்கள், சுமார் 60 லட்சம். கோல் கலம் வேலை செய்ய விட்டமின் ஏ வேண்டும். அது சாப்பாட்டில் குறைந்தாலும் இரவில் கண் தெரியாது, மரபணுப் பிழையால் கோல் கலமே செத்தாலும் இரவில் கண் தெரியாது. முதலாவது, விட்டமின் கொடுத்தால் சில நாளில் மாறும். இரண்டாவது, ஈரலை மலைபோல் குவித்தாலும் மாறாது. அதோடு ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்களுக்கு விட்டமின் ஏ குளிசையைக் கூடுதலாகக் கொடுப்பது கேடு என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். அப்படியிருக்க, கண் என்றதும் விட்டமின் ஏ என்று எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை என்ன சொல்வது!

எழுத்து அட்டை ஏன் ஏமாற்றியது என்பதற்கும் காரணம் உண்டு. இந்த நோய் விழித்திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். வாசிக்கிற நடுப் பார்வை கடைசியில்தான் போகும். தம்பிக்கு இன்றைக்கும், 54 வயதில், பத்திரிகைத் தலைப்பை வாசிக்க முடியும். பக்கத்தில் நிற்கும் ஆள்தான் தெரியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோவிலுக்கு நடக்கும்போது குறுக்கே நிற்கும் மானில் மோதி, மானிடம் மன்னிப்புக் கேட்டவன் அவன். சிரித்தோம். பிறகு வீட்டுக்கு வந்து அவன் பேசாமல் இருந்ததையும் பார்த்தேன்.

இனி உங்களிடம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நோயின் பெயர் தெரிந்த பிறகு, ஒரு கிளினிக்கில் ஒரு வைத்தியரிடம் கேட்டேன்: "இது ஏன் எங்கட வீட்டில வந்தது டொக்டர்?" வரிசையில் அறுபது பேர் நின்றிருப்பார்கள், அவரையும் குறை சொல்ல முடியாது. கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உங்கட ஆக்களுக்கு இது கூட" என்றார். அவ்வளவுதான் பதில்.

எங்கட ஆக்கள் யார்? தம்பியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்று ஒரு கூடு இருக்கிறது. அதில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதியிருக்கிறது. அதே கூட்டில் அதே சொல் எழுதப்பட்ட லட்சக்கணக்கான பேருக்கு இந்த நோயும் இல்லை, இதன் மரபணுவும் இல்லை. இந்தத் தீவில் இருப்பவர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் கலந்து வாழ்ந்தவர்கள். திருகோணமலையைக் கேட்கவே வேண்டாம், துறைமுகம் இருக்கிற ஊர். பாலையூற்றுப் பறங்கியர் முதல் வெருகல் கரையோர வேடர் வரை எத்தனை வேர். அந்த ஒற்றைச் சொல் எங்கள் கண்ணைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லாது.

ஆனால் வம்சாவளி சொல்லும். இனமும் வம்சாவளியும் ஒன்றல்ல என்பது எனக்கு விளங்கியது மூன்று கதைகளால். வகுப்பில் சொல்வது போலவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் சமுத்திரத்தில் பிங்கெலப் என்று ஒரு சின்னத் தீவு. 1775 அளவில் ஒரு பெரும் புயல் அடித்து, பிறகு பஞ்சம் வந்து, மிஞ்சியவர்கள் சுமார் இருபது பேர். அவர்களில் ஒருவரிடம் நிறமே தெரியாமல் செய்யும் ஒரு மரபணுப் பிழை மறைந்திருந்தது. அவருக்கே அது தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும், இரண்டும் பிழைத்தால்தான் அந்த நோய். இருபது பேரின் பிள்ளைகள் தங்களுக்குள்தானே கட்ட முடியும்? சில தலைமுறையில் பிழையான இரண்டு பிரதி ஒரே பிள்ளையில் சேர்ந்தன. மற்ற இடங்களில் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருகிற அந்த முழு நிறக்குருடு அங்கே நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இருக்கிறது. பக்கத்துத் தீவுகளில் இருப்பவர்களும் அதே மைக்ரோனீசிய இனம்தான். வித்தியாசம் இனத்தில் இல்லை, அந்த இருபது பேரில் இருக்கிறது.

இரண்டாவது, தம்பியின் நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. கோல் கலத்தில் ஒளியை உணரும் ரோடோப்சின் என்ற புரதத்தின் மரபணுவில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பிழையை 1990 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்ற வகை நோயாளிகளில், அங்கே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதுதான் காரணம். அந்த அமெரிக்கர்களின் முன்னோர் ஐரோப்பியர். சரி, ஐரோப்பாவில் எக்கச்சக்கமாக இருக்கும் என்று தேடினால், அங்கே அது அநேகமாகக் கிடைக்கவில்லை. எப்போதோ வாழ்ந்த ஒரு முன்னோரிடமிருந்து அமெரிக்காவில் கிளைத்துப் பெருகியிருக்கிறது என்கிறார்கள். 'வெள்ளையருக்கு வரும் நோய்' என்று அதைச் சொன்னால் எவ்வளவு பிழை!

மூன்றாவது கதை கிழக்கு மாகாணத்து ஆக்களுக்குப் பிடிக்கும். லீபர் நோய் என்று ஒன்று உண்டு. இருபது முப்பது வயதில், பெரும்பாலும் ஆண்களுக்கு, பார்வை நரம்பு சடுதியாகக் கெட்டுப்போகும். கலத்துக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வரும், அதில்தான் இதன் பிழை இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் அந்த நோயுள்ள பல குடும்பங்களைத் தாய்வழியே பின்னோக்கிக் கொண்டுபோனபோது, பிரெஞ்சு அரசர் குடியேற அனுப்பிய பெண்களில் ஒருவரிடம், 1669 இல் அங்கே கல்யாணம் முடித்த ஒரு பெண்ணிடம், போய் நின்றார்கள். 'எந்தக் குடி?' என்று தாய்வழியைக் கேட்கும் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு இந்த ஆராய்ச்சி முறை புதிதாகத் தெரியாது.

பெரிய கூட்டங்களாகப் பார்த்தாலும் வேறுபாடு இல்லாமல் இல்லை. குளுக்கோமாவில் ஒரு வகை ஆபிரிக்க வம்சாவளியினருக்குக் கூட, இன்னொரு வகை கிழக்காசியருக்குக் கூட. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி கெடுவது ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அதிகம். இவையெல்லாம் ஆயிரக்கணக்கானோரின் சராசரி. என் முன்னால் இருக்கிற ஒரு பிள்ளைக்குச் சராசரி பதில் தராது.

எங்கள் வீட்டு வம்சாவளியைச் சொல்கிறேன். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எங்களுடையது. வயல் வெளியாள் கைக்குப் போகக்கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டினார்கள். அப்பா, அம்மாவுக்கு மாமி மகன். அதாவது அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அம்மாவின் சித்தப்பா கட்டியதும் சொந்தத்தில்தான், தன் தாயாரின் அண்ணன் மகளை. அவர்களுடைய மகள் ஒருத்தி, எனக்குச் சின்னம்மா முறை. 'விளக்கு வைத்தபின் வாசல் தாண்டாத பிள்ளை' என்று ஊரெல்லாம் மெச்சிய ஆள். அவவைப் போல அடக்கமாக இருக்கச் சொல்லி எனக்கும் தங்கைக்கும் எவ்வளவு பேச்சு! செத்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகுதான் யோசிக்கிறேன்: அவவுக்கு இரவில் கண் தெரியவில்லை. நாற்பதில் பகலிலும் சுவரைத் தடவித்தான் நடந்தா. யாருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதைப் படமாகப் போட்டுக் காட்டியவர் கொழும்பில் ஒரு வைத்தியர். இரவு மெயில் ரயிலில் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தோம். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு என்று கீறினார். பத்து நிமிடம்தான். எங்கள் பக்கத்தில் ஒற்றைக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் பேனையைச் சின்னம்மாவின் வட்டத்தில் வைத்து, "இவவும் முழுதாகப் பார்வை இழந்தாவா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் முழுக் கதவையும் திறந்தது.

ஏனென்று சொல்கிறேன். தம்பியின் நோய்க்குக் காரணமாகக்கூடிய மரபணுக்கள் பல டசின் இருக்கின்றன. அவை வரும் வழி மூன்று விதம். ஒரு பிரதி பிழைத்தாலே வருவது ஒன்று. இரண்டு பிரதியும் பிழைத்தால்தான் வருவது இன்னொன்று. எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருந்து, தாய் காவியாக, அதாவது பிழையைச் சுமந்தும் தனக்கு நோயில்லாதவராக இருக்க, மகனுக்கு வருவது மூன்றாவது. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நோய் என்றால் இந்த மூன்றாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பெண் முழுதாகப் பார்வை இழந்திருக்கிறா, நோயுள்ள இரண்டு பேரின் தாய் தகப்பனுக்கும் நோய் இல்லை, இரண்டு சோடியும் சொந்தம். ஆகவே இரண்டாவது வழிதான் மிகப் பொருத்தம். பூட்டனோ பூட்டியோ ஒருவரிடம் ஒளிந்திருந்த பிழை, இரண்டு கிளையால் இறங்கி வந்து தம்பியில் சந்தித்திருக்கிறது.

இது தெரிந்தால் கணக்கு வரும். தம்பிக்கு இரண்டு பிரதியும் பிழை, அதனால் அவன் மகள் நிச்சயம் ஒன்றைக் காவுகிறாள். அவளுக்கு நோய் இல்லை, காவி மட்டும்தான். எனக்கு நோய் இல்லை. காவியான தாய் தகப்பனின் பிள்ளைகளில் நான்கு வாய்ப்புகள், அதில் நோயுள்ளதை நீக்கினால் மிச்சம் மூன்று, அந்த மூன்றில் இரண்டு காவி. ஆக நான் காவியாக இருப்பதற்கு 2/3. என் மகனுக்கு அதில் பாதி, 1/3. என் கணவர் மட்டக்களப்புப் பக்கம், எங்களுக்குச் சொந்தமில்லை, அவர் பக்கத்தைப் பூச்சியம் என்று வைத்தேன். இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/4. மூன்றில் ஒன்றை நான்கில் ஒன்றால் பெருக்குங்கள். 1/12.

வெளியில் கட்டினால்? கணக்குக்காக, ஊரில் 100 பேரில் ஒருவர் இதே மரபணுவைக் காவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனின் பிள்ளைக்கு 1/1200. தம்பியின் மகளுக்கு அவள் நிச்சயக் காவி என்பதால் 1/400. அவளை இனி யார் கட்டுவார்கள் என்று அழுத என் தம்பி மனைவிக்கு இந்த 400 இல் ஒன்றைச் சொல்ல அந்த நேரம் யாரும் இருக்கவில்லை. அதே தம்பியின் மகளுக்கு அந்தப் பிழை எக்ஸ் வழியில் வந்திருந்தால் கதை தலைகீழ்: யாரைக் கட்டினாலும், சொந்தமோ வெளியோ, பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் வாய்ப்பு. அந்த நிலையில் "சொந்தத்தில் கட்டாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினால் அது ஆறுதலும் இல்லை, உண்மையும் இல்லை. உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்புவது அந்த ஒற்றை வசனத்தைத்தான்.

சொந்தக் கல்யாணத்தை நான் பழிக்க வரவில்லை. என் தாய் தகப்பன் அப்படிக் கட்டியவர்கள், அன்பாக வாழ்ந்தவர்கள். எந்தத் தம்பதிக்கும் 100 பிள்ளைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவியில் ஏதாவது பெரிய குறை வரும். மச்சான் மச்சாள் கட்டினால் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று கூடும். மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. இதை மறைத்துப் பயம் காட்டினால் சனம் உங்களை நம்பாது, ஏனென்றால் நல்லாய் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வளவிலும் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு நோய் ஏற்கெனவே தலைகாட்டிய வீட்டுக்கு அந்தப் பொதுக் கணக்கு பொருந்தாது. அங்கே தனிக் கணக்கு.

முறை என்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பெரியம்மா பிள்ளை தங்கச்சி, மாமி பிள்ளை மச்சாள். ஒன்று பாவம், மற்றது உரிமை. மரபணுவுக்கு இந்த முறை தெரியாது, இரண்டு பேருக்கும் என்னோடு ஒரே அளவு பங்கு. இது தமிழர் கதை மட்டும் என்றும் நினைக்காதீர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் சொந்தத்துக்குள் கட்டுவது உண்டு. சிங்களத்தில் 'அவஸ்ஸ மஸ்ஸினா' என்று உரிமை மச்சானுக்குத் தனிச் சொல்லே இருக்கிறது. இனக் கூட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டால் மூன்று பக்கத்திலும் பிழை விடுவீர்கள்.

கல்யாணப் பேச்சு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் கணக்கைச் சொன்னேன், பேச்சு நின்றது. தம்பி ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவன் கண்ணைச் சாட்டி அவன் மகளை நான் தள்ளிவிட்டேன் என்று நினைத்தான். பிழை என்னுடையதுதான், கடுதாசியில் எழுதிய கணக்கை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், மார்க் போடுகிற குரலில். ஒரு நாள் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவனே வந்தான். "அக்கா, அந்தக் கணக்கை எனக்கு விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லு" என்றான். பன்னிரண்டு புளியங்கொட்டை எடுத்து, தாயம் விளையாட உரசுவது போல ஒன்றை மட்டும் சீமெந்தில் உரசி, அவன் உள்ளங்கையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். சொரசொரப்பான அந்த ஒன்று வந்ததும் நிறுத்தி, அதைக் கனநேரம் வைத்திருந்தான். "பதினொன்று வழுக்குது" என்றாள் மகள். "ஒன்று கிடக்குதே" என்றான் அவன். இரண்டும் சரி. முடிவு பிள்ளைகளுடையது, இன்னும் எடுக்கவில்லை. ஆனால் என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும்.

மரபணுச் சோதனை செய்தால் முடிந்ததுதானே என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் கனடாவில் பிறந்த ஒரு பையனுக்கும் இதே நோய். அங்கே சோதித்தார்கள். 'பொருள் தெளிவில்லாத ஒரு மாற்றம் இருக்கிறது' என்று பதில் வந்தது. ஒரு மாற்றம் தீங்கானதா சாதாரணமானதா என்று பார்க்க ஒப்பிடும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. எங்களைப் போன்றவர்களின் மாற்றங்களுக்கு அதனால் அடிக்கடி இந்த மாதிரிப் பதில்தான் வரும். அப்போது கைகொடுப்பது மறுபடி அந்தச் சதுரமும் வட்டமும்தான்: நோயுள்ள எல்லோரிடமும் அந்த மாற்றம் இரண்டு பிரதியாக இருக்கிறதா, நோயில்லாதவரிடம் அப்படி இரண்டாக இல்லையா என்று குடும்பத்துக்குள் பொருத்திப் பார்ப்பது. ஆர்பிஈ65 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மரபணுச் சிகிச்சையே 2017 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இரண்டு கண்ணுக்கும் அப்போது வைத்த விலை எட்டரை லட்சம் டொலர். அதுவும் இந்த நோயாளிகளில் ஒரு சிறு பங்கினருக்குத்தான் பொருந்தும். கண் தானத்தில் பேர் எடுத்த நாடு என்பதால் 'கண் மாற்றலாமே' என்று எங்களைக் கேட்காத ஆள் இல்லை. தானம் பெறும் கருவிழி, கண்ணின் முன்பக்கத்து நோய்க்கு. பின்னால் இருக்கிற விழித்திரைக்கு அது உதவாது. இதைக் கிளினிக்கில் சொல்ல ஒரு நிமிடம் போதும், சொன்னால் சனம் தரகர்களின் பின்னால் அலையாது.

உங்களிடம் கேட்பது பெரிய இயந்திரம் அல்ல. கண் கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம் வம்சப்படத்துக்கு ஒதுக்குங்கள். மூன்று தலைமுறை போதும். எங்கள் சனத்தை இருத்தி வைத்து உறவு கேட்டால் நீங்கள் நிறுத்தச் சொல்லும்வரை சொல்வார்கள். வைத்தியருக்கு நேரமில்லை என்றால் தாதியோ தன்னார்வமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ கீறலாம். நான் வருகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளையும் இதற்குப் பழக்கலாம். பரியாரியிடம்தானே முதலில் போகிறோம், அந்தப் பரியாரிக்கு எப்போது கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் எழுத்து அட்டையோடு நிறுத்தாதீர்கள். இருட்டில் தடுமாறுகிறதா என்று தாயிடம் ஒரு கேள்வி. பிள்ளையை நேரே பார்க்கச் சொல்லி, பக்கத்திலிருந்து விரலை அசைத்து எப்போது தெரிகிறது என்று ஒரு சோதனை. காசு செலவில்லை. காது குறைந்த பிள்ளை என்றால் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் அஷர் என்ற நோயில் காதும் விழித்திரையும் சேர்ந்து பாதிக்கப்படும். நானும் ஒரு காலத்தில் பின்வரிசைப் பையன் ஒருவனை, மழை இருட்டில் கரும்பலகை தெரியவில்லை என்றதற்கு, சாட்டுச் சொல்கிறான் என்று ஏசியிருக்கிறேன். வீட்டில் தம்பியை வைத்துக்கொண்டே ஏசினேன். அவன் எங்கே இருக்கிறானோ.

குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் புதிதாகக் கட்டியவர்களின் விபரம் எடுக்கும்போது, சொந்தமா, வீட்டில் யாருக்காவது இரவில் கண் தெரியாதா என்று கேட்கட்டும். கேட்கிற விதம் முக்கியம். 'ஏன் சொந்தத்தில கட்டினீங்கள்' என்று முகத்தைச் சுளித்தால் அடுத்த முறை உண்மை வராது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்குக் கட்டுவதற்கு முன்னமே இரத்தம் சோதிக்கச் சொல்லும் நாடு இது, ஆகவே இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. அந்த மாதிரி ஆலோசனை சொல்லத் தெரிந்தவர்கள் கொழும்பு மருத்துவ பீடத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் ரயில் ஏறுவதற்குப் பதிலாக, மாதத்தில் ஒரு நாள் வீடியோவில் தமிழில் கதைக்க ஒழுங்கு செய்ய முடியாதா?

அந்தக் கொப்பியைப் பூட்டி வையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். 'அந்த வீட்டில் கண் வருத்தம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், மூன்று பெண்களின் கல்யாணம் நிற்கும். வரிசையில் நிற்கிறவர்களின் காதில் விழ நோயின் பேரைக் கூப்பிடாதீர்கள். நான் இந்த மடலை எழுதுவதற்கே தம்பியிடமும் அவன் மகளிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கினேன், பேரைப் போடவில்லை.

அவசரமும் உண்டு. யார் யாருக்கு என்ன உறவு என்பது எங்களிடம் எழுத்தில் இல்லை, கிழவிகளின் தலையில் இருக்கிறது. இடம்பெயர்வில் படமும் பத்திரமும் போயின, சுனாமியில் மிச்சமும் போனது. சின்னம்மாவைப் பற்றி எனக்குச் சொன்ன பெரியம்மாவுக்கு வயது 91. போன மாதம் அவ என்னை என் அம்மாவென்று நினைத்துக் கதைத்தா.

பார்வை திரும்பி வராது என்பதற்காக இவர்களைக் கிளினிக்கிலிருந்து கழற்றிவிடவும் வேண்டாம். தம்பிக்கு இந்த நோயோடு சேர்ந்து வரும் கண்புரையை எடுத்தபோது நடுப் பார்வை நன்றாகத் தெளிந்தது. விழித்திரையின் நடுவில் நீர் கோர்த்தால் அதற்கும் மருந்து உண்டு. "இதுக்கு மருந்தில்லை, இனி வரத் தேவையில்லை" என்று ஒரு இடத்தில் சொன்னதை நம்பி அவன் ஆறு வருடம் எங்கேயும் போகாமல் இருந்தான்.

நான் கீறிய வம்சப்படம் கையில் இருக்கிறது. ஐந்து தலைமுறை, 64 பேர், ஒன்பது இரட்டைக் கோடு. பார்க்க விரும்பினால் ஒரு நாள் தாருங்கள், கொண்டு வருகிறேன். பின்னேரம் வேண்டாம், காலமை நேரமாகத் தாருங்கள். தம்பியும் வருவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.